மார்பிள் சில்லைக் கூழாங்கல் ஆக்குவது எப்படி?

கல்லை உருட்டி மெருகேற்றும் எந்திரத்துக்கு ஆங்கிலத்தில் டம்ளர் என்று பெயர். "ஒரு டம்ளர் வாங்கப் போகிறேன்" என்று நான் சொன்னபோது, "வீட்டில் இருக்கிற பன்னிரண்டு போதாதா?" என்று கேட்டார் அம்மா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு உருளை என்று பெயர். இங்கேயும் அப்படியே அழைக்கிறேன்.

இந்தப் பொழுதுபோக்குக்குக் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை அகேட், ஜாஸ்பர் போன்ற கெட்டிக் கற்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அதை நம்பி, ஆற்றங்கரையில் பொறுக்கிய வெள்ளைக் கூழாங்கற்களையும் தரை போட்ட இடத்தில் மிஞ்சிய மார்பிள் சில்லுகளையும் ஒன்றாகப் போட்டு ஒரு வாரம் ஓடவிட்டேன். திறந்து பார்த்தால் ஆற்றுக்கல் போட்டது போட்டபடி கிடந்தது. மார்பிள் பாதிக்குமேல் வெள்ளைச் சேறாகி, எஞ்சியது பட்டாணி அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆற்றுக்கல்லின் வயிற்றில் இருப்பது குவார்ட்ஸ். மோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியலாளர் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸுக்கு 7, மார்பிளுக்கு 3. நகத்துக்கே ஏறத்தாழ 2.5 இருக்கிறது என்றால் மார்பிள் எவ்வளவு மென்மையானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மென்கல்லைக் கெட்டிக்கல்லோடு சேர்த்து உருட்டாதீர்கள். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் என் முதல் வாரம் உங்களுக்கு மிச்சம்.

கல்லைத் தேர்ந்தெடுத்தல்

மார்பிள் சில்லுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. தரைக்கல் அறுக்கும் பட்டறைகளில் துண்டுகள் குவிந்து கிடக்கும். கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் அளவுள்ளவற்றை எடுங்கள். பெரியதை உடைக்க வேண்டியிருந்தால் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள். கண்ணாடி அணியாமல் தட்ட வேண்டாம். விரிசல் உள்ளதை அப்போதே ஒதுக்கிவிடுங்கள். அது பாதி வழியில் பிளந்து, கூர்முனையால் மற்ற கற்களையும் கீறிவிடும்.

மார்பிள்தானா என்று சந்தேகம் வந்தால் கத்தி முனையால் கீறுங்கள். கீறல் எளிதாக விழும். உதிர்ந்த தூள்மீது இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். குவார்ட்ஸ் இரண்டுக்கும் அசைந்துகொடுக்காது. பச்சை நிறக் கல்லை மட்டும் தொட வேண்டாம். பச்சை மார்பிள் என்று கடைகளில் விற்பது பெரும்பாலும் செர்ப்பென்டைன் என்ற வேறு பாறை. அதில் ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் இருக்க வாய்ப்புண்டு.

வேண்டிய பொருள்கள்

ஒன்றரைக் கிலோ கொள்ளும் உருளை ஒன்று போதும். கல்லை உள்ளே வைத்துச் சுழற்றும் பீப்பாய் ரப்பராக இருக்கட்டும்; பிளாஸ்டிக் பீப்பாய் சத்தத்தால் வீட்டையே எழுப்பிவிடும், கல்லுக்கும் அடி அதிகம். சாணைத்தூளாக 220, 500 ஆகிய இரண்டு எண்களில் சிலிக்கன் கார்பைடு வாங்குங்கள். எண் கூடக் கூடத் தூள் நைசாகும். எந்திரத்தோடு 60 எண் கரடுமுரடுத் தூளும் ஒரு பொட்டலம் வரலாம். மார்பிளுக்கு அது வேண்டவே வேண்டாம். பத்திரப்படுத்தி வையுங்கள், என்றைக்காவது அகேட் கிடைக்கும்.

கடைசி மெருகுக்கு அலுமினியம் ஆக்சைடு. இதே பொருள் மண்ணுக்கடியில் படிகமாகக் கிடைக்கும்போது அதற்குக் குருந்தம் என்று பெயர். ஆங்கிலத்தின் கொரண்டம் நம் குருந்தத்திலிருந்து போனதுதான். மெருகுத்தூள் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னப் பெருமிதம்.

இவற்றோடு கற்கள் மோதிக்கொள்ளாமல் மெத்தைபோலத் தாங்கும் பிளாஸ்டிக் குருணை அரைக் கிலோ, ஒரு சல்லடை, பழைய பல் தேய்க்கும் பிரஷ், இரண்டு வாளிகள்.

பீப்பாயை நிரப்புதல்

இங்கேதான் நிதானம் வேண்டும். பீப்பாய் சுழலும்போது கற்கள் ஒரு பக்கமாக மேலேறும். ஓர் உயரம் போனதும் மேலடுக்கு சரிந்து வழுக்கிக்கொண்டு கீழே வரும். தேய்மானம் அந்தச் சரிவில்தான் நடக்கிறது. பீப்பாயில் கல் குறைவாக இருந்தால் சரிவதற்குப் பதிலாக விழும். விழுகிற மார்பிள் அடிபட்ட இடத்தில் உள்ளுக்குள் நொறுங்கி வெண்புள்ளியாக நிற்கும். எத்தனை நாள் மெருகேற்றினாலும் அந்தப் புள்ளி போகாது.

ஆகவே பாதி அளவுக்குக் கல், அதற்குமேல் குருணை, இரண்டும் சேர்ந்து பீப்பாயின் முக்கால் பங்கு. அரைக் கிலோ கல்லுக்கு ஒரு மேசைக்கரண்டி 220 எண் தூள். தண்ணீர் மேலடுக்குக் கல்லின் அடிப்பாகத்தைத் தொட்டால் போதும். குருணை மிதக்கும், அதை வைத்து மட்டம் பார்க்காதீர்கள்.

மூடியை இறுக்கி ஓடவிட்டு, ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுங்கள். சரசரவென்று மணல் இழுபடுவதுபோலக் கேட்டால் சரி. கடகடவென்று கேட்டால் நிறுத்திவிட்டு இன்னும் இரண்டு கைப்பிடி குருணை போடுங்கள். ஒரு சத்தமும் இல்லையென்றால் அளவுக்கு மீறி நிரப்பியிருக்கிறீர்கள், அல்லது பீப்பாயைச் சுழற்றும் பெல்ட் வழுக்குகிறது. எந்த அளவுக் கரண்டியையும்விட இந்தச் சத்தத்தைத்தான் நான் நம்புகிறேன்.

முதல் ஓட்டம், இரண்டாம் ஓட்டம்

220 எண் தூளில் மூன்று நாள். கெட்டிக் கல்லென்றால் மூடிவைத்து ஊருக்கே போய்வரலாம். மார்பிளை நாள்தோறும் திறந்து பார்க்க வேண்டும். திறப்பதால் உள்ளே சேரும் வாயுவும் வெளியேறும். ஒரு கல்லைக் கழுவித் துடைத்துப் பாருங்கள். முனை மழுங்கி, விரலுக்குக் கூர்மை தட்டுப்படாவிட்டால் மூன்றாம் நாளுக்குக் காத்திருக்காமல் நிறுத்திவிடலாம். உள்ளே இருக்கும் சேறு கெட்டி மோர்போல இருக்க வேண்டும். தோசைமாவுபோல ஆகிவிட்டால் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள்.

இரவில் மின்சாரம் போனால் காலையில் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். நெடுநேரம் நின்றுபோன சேறு அடியில் இறுகிக் கல்லைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து 500 எண் தூளில் நான்கு நாள். இதற்கு இடையில் செய்யும் கழுவலைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். 220இன் ஒரு துகள் மிஞ்சினாலும் அது அடுத்த ஓட்டம் முழுக்கக் கீறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கல்லையும் பிரஷால் தேயுங்கள்; பீப்பாயின் மூடி விளிம்பையும் விடாதீர்கள். குருணையில் தூள் பதிந்துவிடும் என்பதால் ஓட்டத்துக்கு ஒரு குருணை என்று பிரித்து, பொட்டலத்தின்மேல் எண் எழுதி வையுங்கள்.

பழைய வீட்டில் மொசைக் தரைக்கு பாலிஷ் போட்டதைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை புதிதல்ல. முதலில் கரடான சாணைக்கல், பிறகு நைஸ், அதற்குப் பிறகு இன்னும் நைஸ், ஒவ்வொன்றுக்கும் நடுவே தண்ணீர் விட்டு அலசல். அந்த மொசைக்கில் பதித்திருந்ததும் பெரும்பாலும் மார்பிள் சில்லுதான்.

கழுவிய சேற்றைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றவே கூடாது. நான் ஊற்றினேன். குழாய் வேலைக்காரர் உள்ளிருந்து சிமென்ட்போல ஓர் உருண்டையை எடுத்துக் காட்டி, வீட்டில் கட்டட வேலை நடக்கிறதா என்று கேட்டார். வாளியில் ஒரு நாள் தெளியவிட்டு, மேல்நீரைச் செடியில்லாத மண்ணில் ஊற்றிவிட்டு, அடிவண்டலைக் காயவிடாமல் ஈரமாகவே பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். தூள் பறந்தால் நுரையீரலுக்குக் கேடு.

மெருகு

புதுக் குருணை, அலுமினியம் ஆக்சைடு ஒரு மேசைக்கரண்டி, பழைய அளவுக்குத் தண்ணீர். ஐந்து முதல் ஆறு நாள். இப்போது கற்கள் சிறுத்திருக்கும் என்பதால் குருணையைக் கூட்டி மீண்டும் முக்கால் பங்குக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கழுவிவிட்டு, வாசனையில்லாத சோப்பைத் துருவி ஒரு கரண்டி போட்டுத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் உருட்டினால் ஒட்டியிருக்கும் தூள் விட்டுப்போகும்.

ஈரமாக இருக்கும்போது எல்லாக் கல்லும் பளபளக்கும். அதைப் பார்த்து மகிழ வேண்டாம். துடைத்துக் காயவைத்து விளக்கின்கீழ் பிடியுங்கள். விளக்கின் உருவம் விளிம்போடு தெரிந்தால் மெருகு ஏறிவிட்டது. பால்போல மங்கலாகத் தெரிந்தால் 500க்குத் திரும்புங்கள். மெருகுத்தூளிலேயே இன்னும் ஒரு வாரம் ஓட்டுவதால் பயனில்லை, நான் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

உருளைக்கு ஆகாதவை

பலப்பம் செய்கிற மாக்கல் உருளைக்குள் தாங்காது. அதைக் கையால்தான் செய்ய வேண்டும்: வாளித் தண்ணீருக்குள் முக்கியபடியே 220, 400, 800, 1500 என்று வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்த்து, காய்ந்ததும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். கல்சட்டியைப் பழக்கும்போது கருப்பதுபோலவே இதுவும் நிறம் ஆழ்ந்து வரும். உருளை வாங்கப் பணமில்லாதவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன்.

முடிந்த மார்பிள் கற்களைப் பூஜை அறையில் வைக்க வேண்டாம் என்பது என் அனுபவம். பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு அதே ஈரக் கையோடு அம்மா அவற்றை ஒதுக்கி வைத்தார். புளியின் அமிலம் பட்ட இடத்தில் விரல் அடையாளம் மங்கலாகப் பதிந்துவிட்டது. நான்கு கற்கள் மறுபடியும் 500 எண் தூளுக்குப் போயின.