புள்ளி விழுந்த பெயர்ப்பலகை: சுவரில் எழுத்துகள் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்ரிலிக்கிலோ எஸ்.எஸ். எனப்படும் துருப்பிடிக்கா எஃகுத் தகட்டிலோ தனித்தனியாக வெட்டிய எழுத்துகளைக் கடையின் முகப்புச் சுவரிலேயே பொருத்தும் வழக்கம் இன்று சிறு நகரத்து மருந்தகங்கள் வரை பரவிவிட்டது. வேலை கெட்டுப்போகும் இடங்களில் பெரும்பாலும் குறை துளையிடுவதற்கு முன்பே நேர்ந்திருக்கும். அதிலும், ஆங்கில எழுத்துக்குப் பழகிய முறையை அப்படியே தமிழுக்கும் கையாள்வதால் வருவதே மிகுதி.

ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரே துண்டு. தமிழில் அப்படியில்லை. ‘கொங்கு’ என்ற மூன்றெழுத்துச் சொல், வெட்டும் இயந்திரத்திலிருந்து ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால், ஙகரம், புள்ளி, ‘கு’ என ஆறு துண்டுகளாக வெளிவருகிறது. எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே இடைவெளி விட்டுப் பொருத்தினால் துணைக்கால் தன் மெய்யை விட்டு விலகி அடுத்த எழுத்தோடு சேர்ந்து நிற்கும், படிப்பவர் தடுமாறுவார். எனவே முழு அளவில் அச்சிட்ட காகிதப் படிவத்தைச் சுவரில் ஒட்டி, அதன் மேலேயே துளைகளைக் குறிக்க வேண்டும். அச்சிடும் முன் எழுத்துருவைக் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றித் தரச் சொல்லுங்கள். பழைய எழுத்துரு ஒன்றில் அமைத்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எழுத்துகளே மாறிவிடும். தமிழ் படிக்கத் தெரியாதவர் இயந்திரத்தை இயக்கினால் அந்தப் பிழை வெட்டி முடியும்வரை யார் கண்ணிலும் படாது.

புள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மிகச் சிறிய துண்டு என்பதால் அதை மட்டும் சிலிக்கான் பசையால் ஒட்டிவிட்டு, மற்ற எழுத்துகளுக்கு மட்டும் ஸ்டட் எனப்படும் மரைத்தண்டு வைப்பார்கள். சுண்ணாம்பு போல் உதிரும் பழைய வண்ணப்பூச்சின் மேல் ஒட்டிய பசை, பூச்சையும் உரித்துக்கொண்டு விழும். புள்ளி போனால் ‘பட்டு’ ‘படடு’ ஆகிவிடும். புள்ளிக்கும் ஸ்டட் கட்டாயம் வேண்டும். இடம் போதாத அளவுக்குப் புள்ளி சிறியது என்றால், அதையும் எழுத்தையும் பின்புறம் ஒரே பட்டையில் இணைத்துவிடலாம். இதற்காகச் சற்றே கூடுதல் கூலி கேட்டாலும் கொடுப்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

மட்டம் பார்ப்பதிலும் இதே போன்ற தவறு நேர்கிறது. ‘கி’ போன்றவற்றின் மேல்விலங்கு மேலே ஏறும், ‘கு’, ‘ரு’ போன்றவை கீழே இறங்கும். ஆகவே எழுத்தின் அடியையோ உச்சியையோ ரசமட்டத்தில் சேர்க்காமல், ‘ப’, ‘ட’ போன்ற எழுத்துகள் அமரும் அடிக்கோட்டையே அளவாகக் கொள்ள வேண்டும். பழைய கட்டடத்தில் சன்ஷேடு ஒரு பக்கம் சரிந்திருந்தால் ரசமட்டத்துக்குச் சரியாக இருக்கும் வரியும் கோணலாகவே தெரியும். தெருவின் எதிர்ப்புறம் நின்று பார்த்து முடிவு செய்வது நல்லது.

பெயரின் அளவைத் தீர்மானிக்கும்போது சட்டத்தையும் மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதம் வகுக்கப்பட்டுள்ளது. ஆங்கிலப் பெயரைப் பெரிதாக வெட்டி மாட்டிவிட்டு, மிஞ்சிய மூலையில் தமிழை நுழைப்பவர்கள் பிறகு இரண்டையும் கழற்ற நேரிடுகிறது.

சுவரின் தன்மை அறியாமல் துளையிடுவது அடுத்த பெரிய தவறு. வெளிப்பூச்சு மட்டுமே 15 முதல் 20 மில்லிமீட்டர் கனம் இருக்கும். திருகைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளக்கின் பெரும்பகுதி பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டால் அது செங்கல்லைப் பற்றவில்லை என்று பொருள். காற்று அசைக்க அசைக்கப் பூச்சோடு பெயர்ந்துவிடும். துளைக்குள் தங்கிய தூளை ஊதி வெளியேற்றாமல் பசை இட்டால் அது தூளைத்தான் பிடிக்கும். டைல்ஸ் ஒட்டிய சுவரில், டைல்ஸைத் தாண்டும் வரை டிரில்லின் சுத்தியல் இயக்கத்தை நிறுத்தி வைக்க வேண்டும்.

அக்ரிலிக் வெயிலில் விரியும். 1 மீட்டர் நீளத் துண்டு, வெப்பம் 30 டிகிரி கூடும்போது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும். இறுக்கமான துளையில் முடுக்கிய திருகு இந்த விரிவுக்கு இடம் தராததால், துளையைச் சுற்றி விரிசல் விடுகிறது. கடலோர ஊர்களில் 202 ரக எஃகு விரைவில் துருக்கறை படியும். அதைவிட 304 ரகம் மேலானது, உப்புக்காற்று நேரே படும் இடத்துக்கு 316 தான் ஏற்றது. எழுத்துக்கு நல்ல எஃகு போட்டுவிட்டுத் திருகுக்குச் சாதாரண இரும்பைப் போட்டால், சுவரில் வழியும் செந்நிறக் கோடு ஒரே மழைக்காலத்தில் வெளிப்படும்.

உள்ளே விளக்கு எரியும் எழுத்தாக இருந்தால், ஒவ்வொன்றின் அடியிலும் நீர் வடியச் சிறு துளை வேண்டும். முழுவதும் அடைத்தால் புகுந்த நீர் உள்ளேயே தேங்கும். சுவரில் கம்பி நுழையும் துளை வெளிப்புறமாகத் தாழ்ந்திருக்க வேண்டும். மின்வழங்கியை அதன் முழுத் திறனுக்கும் ஏற்றாமல் 80 விழுக்காட்டோடு நிறுத்தி, காற்றுப் படும் இடத்தில், பிறகு கை எட்டும்படி வையுங்கள்.

வேலை முடிந்ததும் காகிதப் படிவத்தைக் கிழித்தெறிந்துவிடாமல் சுருட்டி எடுத்து வையுங்கள். பிறகு ஒரு புள்ளியோ துணைக்காலோ மாற்ற நேர்ந்தால், அதே அளவில் வெட்டிப் பழைய துளையிலேயே பொருத்த அந்தக் காகிதம் உதவும்.