கோழி பெருகிவிட்டதா? குளிர் நாட்டில் கூண்டைப் பெரிதாக்கும் முன்

குளிர் நாட்டுக்குப் புதிதாக வந்து, பின்பக்கம் கொஞ்சம் மண் உள்ள வீடு அமைந்து, ஆசைக்கு நாலைந்து கோழி வாங்கி விட்டவர்களுக்கு ஓராண்டுக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும்: இன்னும் சிலதைச் சேர்க்கலாமா? தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் கூண்டைப் பெரிதாக்கி முடித்த பிறகு கோழியை வாங்குங்கள். கோழியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் கட்டிவிடலாம்" என்று இருக்காதீர்கள். நெருக்கடியில் ஒன்றையொன்று கொத்த ஆரம்பிக்கும், ஒரு துளி ரத்தம் தெரிந்துவிட்டால் மற்றவையும் அதே இடத்தைத் தேடித் தேடிக் கொத்தும், அந்தப் பழக்கத்தை விடுவிப்பது லேசில் நடக்காது.

மரம் வாங்கும் முன் அனுமதி. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் உள்ளாட்சி அலுவலகம். எத்தனை கோழி வைக்கலாம், சேவல் கூடுமா, வேலியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், எவ்வளவு பரப்புக்கு மேல் போனால் கொட்டகைக்குத் தனி அனுமதி வேண்டும் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். ஆறு கோழிக்குச் சரியென்றவர்கள் பதினாலுக்கும் சரியென்பார்கள் என்று நாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. சில நாடுகளில் ஒரே ஒரு கோழி இருந்தாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். அந்த ஊர் மொழியில் போனில் பேசத் தயக்கமாக இருந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலும் ஆதாரமாகக் கையில் இருக்கும்.

அளவுக்கு வருவோம். நடுத்தர உடம்புள்ள கோழி ஒன்றுக்குக் கூண்டுக்குள் 4 சதுர அடி, வெளியே வலையடித்த முற்றத்தில் 8 முதல் 10 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பழைய கூண்டு 4 அடிக்கு 6 அடி, ஆறு கோழிக்குச் சரியாக இருந்தது. பக்கத்தில் 4 அடிக்கு 8 அடியில் ஓர் அறை சேர்த்ததும் மொத்தம் 56 சதுர அடி, பதினாலு கோழி. ஆனால் தரை போதும் என்பதால் கூண்டு போதும் என்று ஆகிவிடாது, ராத்திரி எல்லாம் ஏறி உட்காரக் கம்பு வேண்டுமே. தலைக்கு 8 முதல் 10 அங்குலம் என்றால் பதினாலுக்குப் பன்னிரண்டு அடிக் கம்பு. புதிய அறையில் எட்டு அடி, பழையதில் நாலு அடி, எல்லாம் ஒரே உயரத்தில். உயரம் வித்தியாசப்பட்டால் மேல் கம்புக்குத் தினமும் சண்டை. நான்கு அங்குல அகலச் சட்டத்தைப் படுக்கையாகப் போட்டால் கால்விரல்கள் இறகுக்கு அடியில் மறைந்துவிடும், குளிருக்கு அது ரொம்ப முக்கியம். முட்டைப் பெட்டி நாலு கோழிக்கு ஒன்று போதும், கம்பை விடத் தாழ்வாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பெட்டியிலேயே தூங்கி அசிங்கப்படுத்திவிடும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது: காற்று. முதல் குளிர்காலம் வந்தபோது, பாவம் விறைத்துவிடுமே என்று எல்லா இடுக்கையும் அடைத்து, சன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி இறுக மூடினேன். ஒரு வாரம் கழித்துக் காலையில் கதவைத் திறந்தால் கண் எரிகிறது, கூரையின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கிறது, ஒரு கோழியின் கொண்டை நுனி கறுத்துப் போயிருந்தது. குளிர் மட்டும் அதைச் செய்யவில்லை, ஈரமும் சேர்ந்துதான் செய்தது. ராத்திரி முழுக்க விடும் மூச்சும், கம்புக்கு அடியில் விழும் எச்சமும் ஈரத்தையும், கண்ணை எரிக்கும் அம்மோனியா வாயுவையும் கிளப்பிக்கொண்டே இருக்கும். இறகு முழுசாக முளைத்த கோழி, உலர்ந்திருந்தால், உறைநிலைக்குக் கீழேயும் தாங்கிக்கொள்ளும். கோழி கூடக் கூட ஈரமும் கூடும், அதனால் அறையோடு காற்று வழியும் பெரிதாக வேண்டும். கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடித் திறப்பு என்பது கோழி வளர்ப்பவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. அந்தத் திறப்பு, உட்கார்ந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி இரண்டு பக்கமும் இருக்கட்டும். காற்று தலைக்கு மேல் போக வேண்டும், உடம்பில் படக் கூடாது. காலையில் கம்பு உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள், மூக்கில் உறைத்தால் இன்னொரு திறப்பு வேண்டும். சூட்டு விளக்கு மட்டும் வேண்டாம். வைக்கோலும் தூசியும் உள்ள மரக்கூண்டில் அது விழுந்தால் கூண்டோடு எரிந்துவிடும்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடக்கே தள்ளியுள்ள நாட்டில் குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்வாகப் போகும், அதனால் புதிய அறையின் சன்னல் தெற்கு பார்க்கட்டும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள நாடு என்றால் வடக்கு. பகல் குறைந்ததும் முட்டையும் குறையும், சில வாரம் நின்றே போகும். கூண்டில் ஏதோ கோளாறு என்று பதறாதீர்கள். விளக்குப் போட்டுப் பகலை நீட்டி முட்டை வாங்குபவர்கள் உண்டு, நான் அவற்றை ஓய்வெடுக்க விட்டுவிடுகிறேன்.

கோழி வலை என்று கடையில் விற்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. அரை அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த கம்பி வலை வாங்குங்கள். ஆணியை மட்டும் நம்பாமல் சட்டம் வைத்துத் திருகாணியால் இறுக்குங்கள். நரி தோண்டும், அதனால் வலையை ஓர் அடி ஆழம் புதைக்க வேண்டும், அல்லது வெளிப்புறமாகத் தரையோடு ஒன்றரை அடி விரித்துக் கல் வைக்க வேண்டும். தோண்டும் முன் அங்கே மின்கம்பியோ எரிவாயுக் குழாயோ போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பல நாடுகளில் அதைச் சொல்வதற்கென்றே சேவை இருக்கிறது. ராக்கூன் என்னும், கை போன்ற முன்கால் உள்ள காட்டு விலங்கு திரியும் ஊரில் சாதாரணத் தாழ்ப்பாள் போதாது, கையால் திறந்துவிடும். எனக்கு அடி விழுந்தது பழையதும் புதியதும் சேரும் இடத்தில். பழைய கூண்டு மண்ணில் கொஞ்சம் அமிழ்ந்திருந்தது, புதியது மட்டமாக நின்றது, நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சந்து. கீரி மாதிரி ஒல்லியாக ஏதோ ஒன்று அதில் நுழைந்து ஒரே இரவில் இரண்டு கோழியைக் கொன்றுவிட்டது. விடிந்ததும் அந்தச் சந்தில் ஒட்டியிருந்த பழுப்பு முடியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். இணைப்பை உள்ளேயும் வெளியேயும் வலை வைத்து மூடுங்கள். பகலில் ஒளிந்திருந்து ராத்திரி ரத்தம் குடிக்கும் செந்நிறச் செள்ளும் இப்படிப்பட்ட இடுக்கில்தான் குடியிருக்கும், அவ்வப்போது இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

முடிந்தால் முற்றத்துக்கும் கெட்டியான கூரை போட்டுவிடுங்கள். பறவைக் காய்ச்சல் பரவும் மாதங்களில் கோழியைத் திறந்த வெளியில் விடக் கூடாது என்று சில நாடுகளில் உத்தரவு வருவதுண்டு. பழைய வீடு என்றால் மண்ணையும் சோதித்துப் பாருங்கள். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் உண்டு, உதிர்ந்து மண்ணில் கலந்ததைக் கோழி கிளறித் தின்றால் முட்டைக்கு வந்துவிடும். இதே காரணத்தால் பழைய பெயின்ட் அடித்த மரத்தையும் கூண்டுக்கு எடுக்காதீர்கள்.

கட்டி முடித்தாயிற்றா? சரி, புதிய கோழிகளை நேராக உள்ளே விடாதீர்கள். ஒரு மாதம் தள்ளி வேறு இடத்தில் வைத்து, தும்மல், கழிச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் பழையதுக்குத் தீனி, அப்புறம் புதியதுக்கு, செருப்பும் வேறு. பிறகு புதிய அறையில் விட்டு, இரண்டு அறைக்கும் நடுவில் வலைக்கதவை மூடியே வையுங்கள். இரண்டு வாரம் வலை வழியாகப் பார்த்துப் பழகட்டும். இளங்கோழிகள் என்றால் முட்டைக்கோழித் தீனி கொடுக்கக் கூடாது, அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீனி போட்டு, சுண்ணாம்புச்சத்துக்குச் சிப்பித் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டியது மட்டும் கொத்திக்கொள்ளும். தீனித் தட்டும் தண்ணீரும் இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும். வலைக்கதவைத் திறந்த அன்று கொஞ்சம் துரத்தலும் கொத்தலும் இருக்கும், ரத்தம் வராதவரை குறுக்கே போகாதீர்கள். இருட்டியதும் டார்ச்சோடு போய்க் கம்பில் எண்ணிப் பாருங்கள். குறைந்தால் அநேகமாக ஒன்றிரண்டு மூலையில் தரையில் ஒடுங்கியிருக்கும், அதைத் தூக்கிக் கம்பில் வைத்துவிட்டு வாருங்கள். எனக்கு ஐந்தாம் நாள்தான் பதினாலும் தானாக ஏறி உட்கார்ந்தன.