சீம்பால் கைக்கு வந்தால்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றியவரை நாங்கள் பால்கார அண்ணாச்சி என்போம். காலை ஐந்தரை மணிக்கு அவருடைய சைக்கிள் மணி இரண்டு முறை ஒலிக்கும். எங்கள் கணக்கு தினம் மூன்று உழக்கு. உழக்கு என்பது கால் படி. இன்றைய அளவில் 340 மில்லிக்குச் சற்றுக் குறைவு. நுரையோடு அளந்தால் ஆச்சி செம்பை நீட்டமாட்டாள். நுரை அடங்கும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்பார்கள். கதவுக்குப் பின்னால் சுவரில் கரிக்கோடுகள். பால் வராத நாளுக்கு ஒரு சுழி. தண்ணீர் கலந்தாரா இல்லையா என்ற வழக்கு மாதம் ஒருமுறை திண்ணையில் நடக்கும், தீர்ப்பு வராது.

அதே மனிதர், மாடு ஈன்றுவிட்டால், முதல் சில நாள் கறக்கும் சீம்பாலைச் சிறிய தூக்குச்சட்டியில் கொண்டுவருவார். ஆச்சி அதை இனிப்புச் சேர்த்து ஆவியில் அவித்துக் கட்டியாக்குவாள். அந்தப் பண்டத்துக்கும் சீம்பால் என்றுதான் பெயர். கண்படக்கூடாது என்று மூடியின் மேல் ஒரு கரித்துண்டு இருக்கும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்திருக்காது, காசும் வாங்கமாட்டார். வேடிக்கை என்னவென்றால், வேறு பாலைக் கலந்தால்தான் உருப்படும் பால் அது ஒன்றுதான்.

இப்போது நான் இருப்பது தாம்பரத்துக்கு அப்பால். இங்கேயும் மாடு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். தெருமுனையில் சாணி கிடந்தால் விசாரித்துப் பாருங்கள். மாடு சினையாக இருக்கும்போதே சொல்லிவைப்பது நல்லது. பசு ஈனுவதற்கு ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல் ஆகும் என்பதால் அவசரம் ஒன்றும் இல்லை. கேட்கும்போது மூன்று கேள்விகள் கட்டாயம். கன்று வயிறாரக் குடித்துவிட்டதா? ஈன்ற பிறகு இது எத்தனையாவது கறவை? மடிக்கு மருந்து ஏற்றியிருக்கிறார்களா? மருந்து ஏற்றியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கன்றைப் பற்றிய கேள்வி மரியாதைக்காகக் கேட்பது அல்ல. பசுவின் கருப்பையில் இருக்கும்போது கன்றுக்குத் தாயிடமிருந்து நோய் எதிர்ப்புப் பொருள்கள் போய்ச் சேருவதில்லை. சீம்பால் வழியாகத்தான் அவை கிடைக்க வேண்டும். பிறந்து ஒரு நாளுக்குள் குடல் அவற்றை உறிஞ்சும் திறனை இழந்துவிடும். 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டராவது வேண்டும். கலப்பினப் பசு கன்று குடித்தது போகவும் தாராளமாகக் கறக்கும். கொஞ்சமாகக் கறக்கும் நாட்டுமாடு என்றால் நான் கேட்பதே இல்லை.

எத்தனையாவது கறவை என்பதில்தான் சமையலே இருக்கிறது. சாதாரணப் பசும்பாலில் புரதம் மூன்று சதவீதத்தைச் சற்றே தாண்டும். முதல் கறவையில் அது 14 சதவீதம் வரைகூட இருக்கும். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் இறுகுவதுபோல் இந்தப் புரதமும் இறுகிவிடும். அதனால்தான் உறையோ எலுமிச்சையோ இல்லாமல் கட்டியாகிறது. ஒவ்வொரு கறவைக்கும் அது வேகமாகக் குறையும். ஆகவே முதல் கறவை ஒரு பங்குக்குச் சாதாரணப் பால் இரண்டு அல்லது மூன்று பங்கு. இரண்டாம் நாள் பாலுக்குச் சரிபாதி. மூன்றாம் நாள் பாலுக்கு ஒன்றும் சேர்க்க வேண்டாம், அதுவே இளகலாகத்தான் வரும்.

இதை அறியாமல், கல்யாணமான புதிதில், பளிச்சென்ற மஞ்சளாக, பிசுபிசுவென்றிருந்த முதல் கறவையை அப்படியே அவித்துவிட்டேன். கத்தி இறங்கவில்லை. மாமனார் ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சோதனைக் கிண்ணம் இல்லாமல் நான் அடுப்பைப் பற்றவைப்பதில்லை. கலந்த பாலில் இரண்டு கரண்டி எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, ஐந்தாறு நிமிடம் ஆவியில் வையுங்கள். ரப்பர்போல் இருந்தால் இன்னும் பால் சேருங்கள். தளதளவென்று ஓடினால் சீம்பாலைக் கூட்டுங்கள். இளந்தேங்காய் வழுக்கைபோல் கரண்டிக்கு வழிவிட்டால் சரி. மாட்டுக்கு மாடு பால் மாறும். எந்த அளவுக் குறிப்பும் இந்தக் கிண்ணத்துக்கு ஈடாகாது.

கால் லிட்டர் முதல் கறவைக்கு அரை லிட்டர் பால் என்று தொடங்குங்கள். காய்ச்சி நன்றாக ஆறிய பாலாக இருக்கட்டும். பாக்கெட் பால் என்றால் ஆவின் பச்சை போதும். ஆரஞ்சில் கொழுப்பு ஆறு சதவீதம், எனக்குத் திகட்டுகிறது. கருப்பட்டி 175 கிராம். அதைத் தட்டி, கால் தம்ளர் தண்ணீரில் கரையும்வரை மட்டும் சூடாக்கி வடிகட்டுங்கள். வடிகட்டாமல் விட்டால் பல்லில் மண் நறநறக்கும். பிறகு பாகு முழுக்க ஆறவேண்டும். சூடாக ஊற்றினால் பால் அங்கங்கே திரிந்து மணல்போல் ஆகும். பிறகு சரிசெய்ய வழி இல்லை. சர்க்கரை போட்டால் வெள்ளையாக அழகாக வரும். அழகு மட்டும்தான். வெல்லம் பரவாயில்லை. நான்கு ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்குப்பொடி. சுக்கு இல்லாவிட்டால் எனக்கு அது ஆச்சி வீட்டுப் பண்டம் இல்லை.

எல்லாவற்றையும் கலந்து, அகலமான டிபன் பாக்ஸிலோ கிண்ணத்திலோ முக்கால் அளவுக்கு ஊற்றுங்கள். இட்லிக் கொப்பரையில் தண்ணீர் கொதித்த பிறகு உள்ளே வையுங்கள். கொப்பரை மூடியில் ஒரு துணி கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் ஆவிநீர் சொட்டி மேல்பரப்பில் அம்மைத் தழும்பு விழும். மிதமான தீயில் இருபது, இருபத்தைந்து நிமிடம். ஆச்சி தென்னை ஈர்க்கை நடுவில் குத்திப் பார்ப்பாள். பால் ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. அதற்கு மேலும் விட்டால் பொத்தல் விழுந்து நீர் விட்டுக்கொள்ளும். அரைவேக்காட்டிலும் இறக்கிவிடாதீர்கள். உடம்புக்கு நல்லது என்று சீம்பாலைப் பச்சையாகக் குடிப்பவர்கள் உண்டு. கறந்த பச்சைப் பாலில் வரக்கூடிய கிருமிகள் சீம்பாலிலும் வரும். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

இறக்கியதும் வெட்ட ஆசை வரும். அரை மணி நேரம் பொறுங்கள், சூட்டில் வெட்டினால் குலையும். எங்கள் வீட்டில் அந்த அரை மணி நேரமும் ஐந்து பிள்ளைகள் அடுக்களை வாசலில் உட்கார்ந்திருப்போம். ஆச்சி வில்லையாகப் போட்டு, முதல் துண்டை அண்ணாச்சிக்கு என்று வாழையிலையில் எடுத்து வைப்பாள். குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும் என்பதை நான் எழுதித்தான் ஆகவேண்டும், ஆனால் எங்கள் வீட்டில் மறுநாளைப் பார்த்த சீம்பால் கிடையாது.

பால் பவுடரும் முட்டையும் கலந்து இதேபோல் அவித்து சீம்பால் என்று பெயர் வைக்கிறார்கள். அது புட்டிங். நன்றாகவே இருக்கும், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது ஒன்று பாக்கி இருக்கிறது. வெறும் தூக்குச்சட்டியாகத் தரக்கூடாது. ஆச்சி கழுவித் துடைத்து, உள்ளே ஒரு பிடி அரிசியும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் போட்டு, "கன்று எப்படி இருக்கிறது?" என்று கேட்டபடி நீட்டுவாள். போன மாதம் எங்கள் தெருவில் மாடு வைத்திருக்கும் அம்மாவிடம் நானும் அப்படியே கொடுத்தேன். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, அடுத்தது தையில் ஈனும் என்றார்.