குழந்தையைத் தூக்கும்போது கட்டைவிரல் பக்கம் சுருக்கென்று வலிக்கிறதா?

என் மகனுக்கு மூன்று மாதம் ஆனபோது, தொட்டிலிலிருந்து அவனைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், சுருக்கென்று வலித்தது. சுளுக்கு என்று சொல்லி எண்ணெய் தேய்த்து நீவிவிட்டார்கள். வலி கூடியது. அதன் பெயர் டி கெர்வேன் நோய் என்று பிறகுதான் தெரிந்தது. 1895இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயர் அது. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு அடிக்கடி வரும்.

கட்டைவிரலை விரிக்கவும் நீட்டவும் உதவும் இரண்டு தசைநாண்கள், மணிக்கட்டின் ஓரத்தில் ஓர் இறுக்கமான உறைக்குள் ஓடுகின்றன. பாவாடைப் பட்டிக்குள் நாடா ஓடுவதைப் போல. பட்டி தடித்து இறுகினால் நாடா சிக்கும் அல்லவா? அதுதான் இங்கே நடக்கிறது. அழுத்தி நீவுவதால் இறுகிய உறை தளர்வதில்லை.

படி 1: சோதித்துப் பாருங்கள்
கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடுங்கள். மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாயுங்கள். நலமான கையிலும் சிறிது இழுக்கும். ஆகவே இரண்டு கைகளிலும் செய்து ஒப்பிடுங்கள். ஒரு கையில் மட்டும் கட்டைவிரல் பக்க எலும்பு மேட்டில் கூர்மையாக வலித்தால் இதுவாக இருக்கலாம். விரல்கள் மரத்துப்போனால் காரணம் வேறாகவும் இருக்கலாம். கீழே விழுந்த பிறகு வந்த வலி என்றால் இந்தச் சோதனையே வேண்டாம், எக்ஸ்ரே எடுங்கள்.

படி 2: கட்டைவிரலுக்கு ஓய்வு
பலரும் தவறுவது இங்கேதான். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண மணிக்கட்டுப் பட்டை கட்டைவிரலை விட்டுவிடுகிறது. நானும் அதை இரண்டு வாரம் கட்டி ஏமாந்தேன். மணிக்கட்டோடு கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளின்ட் கேட்டு வாங்குங்கள். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் அணியச் சொல்வார்கள்.

படி 3: தூக்கும் விதத்தை மாற்றுங்கள்
எனக்கு அதிகம் உதவியது இதுதான். கட்டைவிரல்களை விரித்து, குழந்தையின் அக்குளில் கொடுத்துத் தூக்காதீர்கள். ஓர் உள்ளங்கையைப் பிட்டத்துக்கு அடியிலும், மற்றொன்றைத் தலைக்கும் கழுத்துக்கும் அடியிலும் நுழைத்து, மார்போடு அணைத்துத் தூக்குங்கள். கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒட்டியே இருக்கட்டும். பால் கொடுக்கும்போது எடையைத் தலையணை தாங்கட்டும். துணி பிழிவதையும், ஒரு கையில் கைப்பேசியைப் பிடித்துக் கட்டைவிரலால் தட்டுவதையும் சில வாரம் நிறுத்துங்கள்.

படி 4: ஒத்தடம், மருந்து
துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்குப் பத்து நிமிடம். பாலூட்டுபவர்களும், வயிற்றுப்புண் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரை போட வேண்டாம்.

படி 5: பயிற்சி
கூர்மையான வலி தணிந்த பிறகே. கட்டைவிரலை மெதுவாக விரித்து மூடுங்கள், வலித்தால் நிறுத்துங்கள். வலுவூட்டும் பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் கற்றுக்கொள்வது நல்லது.

படி 6: மருத்துவரிடம்
சில வாரங்களில் குறையாவிட்டால், உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். பெரும்பாலோருக்கு நன்றாகவே கேட்கிறது. ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம். நீரிழிவு இருந்தால் சில நாள் சர்க்கரை ஏறும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்கும் அடங்காத சிலருக்கு, உறையைத் திறந்துவிடும் சிறிய அறுவைச் சிகிச்சை இருக்கிறது. மணிக்கட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் மட்டும் எந்தப் படிக்கும் காத்திராமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.