பிராமினன்ஸ் என்றால் உயரமா?

தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். அதன் பிராமினன்ஸ் (prominence, சுற்றியுள்ள நிலத்தைவிட்டுத் தனித்து எழும் அளவு) 2,256 மீட்டர். நீலகிரியில் மலையேறுகிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் அடிக்கடி மாற்றிப்போட்டுவிடுகிறார்கள்.

பிராமினன்ஸ் லத்தீனிலிருந்து வந்த சொல். அங்கே 'ப்ரோ' என்றால் முன்னே, 'மினேரே' என்றால் துருத்திக்கொண்டிருப்பது. சுற்றியுள்ளதைவிட்டு எவ்வளவு தனித்து நிற்கிறது என்பதுதான் இந்தச் சொல்லின் கேள்வி. ஆங்கிலத்தில் அது பிரமுகர்களுக்கு ஒட்டிக்கொண்டது பிற்பாடுதான். இதே வேரில் பிறந்தவை எமினென்ட்டும் இம்மினென்ட்டும். முன்னது புகழ்பெற்றவர், பின்னது தலைக்குமேல் தொங்கி, இதோ விழப்போவது. குன்னூர் சாலையின் மண்சரிவு எச்சரிக்கையில் எமினென்ட் என்று எழுதினால், சரிவு பெரிய மனிதராகிவிடும்!

சரி, மலைக்கு வருவோம். உச்சியிலிருந்து இறங்கி, அதைவிட உயரமான இன்னொரு மலைக்கு நடந்தே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். பல வழிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் மிகத் தாழ்வான இடம் ஒன்று வரும். அந்த இடங்களில் எது உயரமானதோ அதன் உயரத்தை உச்சியின் உயரத்திலிருந்து கழிக்க வேண்டும். பலர் கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தாக்கின் அடியைக் கழித்துவிடுகிறார்கள். தொட்டபெட்டாவைவிட உயர்ந்த ஆனைமுடி (2,695 மீ) பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே இருக்கிறது. அங்கே போக, கடல்மட்டத்திலிருந்து 381 மீட்டர் உயரத்திலுள்ள தாழ்விடம் வரை இறங்கியே தீர வேண்டும். அதனால்தான் இவ்வளவு பெரிய எண்.

ஊட்டியிலிருந்து அளந்தால் கிடைக்கும் 400 மீட்டர் வெறும் ஏற்றம். நீலகிரியின் இன்னொரு சிகரமான கோலரிபெட்டா (2,629 மீ) உயரத்தில் 8 மீட்டர்தான் குறைவு. ஆனால் தொட்டபெட்டாவோடு பீடபூமி வழியே இணைந்திருப்பதால் அதன் பிராமினன்ஸ் சில நூறு மீட்டரோடு நின்றுவிடும். வரைபடத்தில் சமவுயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர் என்றால், தாழ்விடம் இரண்டு கோடுகளுக்கு நடுவே எங்கேயும் இருக்கலாம். கடைசி இலக்கம் வரை துல்லியம் என்று எழுதிவிடாதீர்கள்.

கொடைக்கானல் வானாய்வகத்தில் இதே சொல்லுக்குப் பொருள் வேறு: சூரியனின் விளிம்பில் துருத்தி நிற்கும் வாயுக் கொழுந்து. அதை ஃப்ளேர் என்று எழுதுவது தவறு. ஃப்ளேர் திடீர் வெடிப்பு, நிமிடங்களிலோ மணிகளிலோ அடங்கும். பிராமினன்ஸ் வாரக்கணக்கிலும் நிற்கும். சூரிய வட்டத்தின் நடுவே கருங்கோடாகத் தெரியும் ஃபிலமென்ட்டும் அதேதான். பின்னணியிலுள்ள பரப்பு கூடுதலாக ஒளிர்வதால் அங்கே கறுப்பாகத் தெரிகிறது.