பிஎல்ஏ–பிசிஎல் சாரம்: ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலும்பு செல்கள் பற்றி வளர நுண்துளைச் சாரம் (ஸ்கஃபோல்டு) செய்பவர்கள் பலரும் முதலில் எடுப்பது பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்), பிசிஎல் (பாலிகாப்ரோலாக்டோன்) என்ற இரண்டு பாலிமர்களைத்தான். முன்னது விறைப்பு, சட்டென்று உடையும். பின்னது வளையும், ஆனால் உடலுக்குள் சிதைய இரண்டு வருடத்துக்கு மேலாகும். குளோரோஃபார்மில் இரண்டும் கண்ணாடிபோலக் கரைவதைப் பார்த்து, கலந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். கரைப்பான் ஆவியானதும் இரண்டும் பிரிந்து, ஒன்றுக்குள் மற்றொன்று துளித்துளியாக நிற்கும். டிஎஸ்சி (சூடாக்கும்போது பொருள் எவ்வளவு வெப்பம் எடுக்கிறது என்று அளக்கும் சோதனை) எடுத்தால் தெரியாதா? அதிலும் ஏமாறலாம். பிசிஎல் உருகுவதும் பிஎல்ஏ இளகுவதும் 60 டிகிரியை ஒட்டியே நடப்பதால், வரைபடத்தில் உருகலின் பெரிய மேடு இளகலின் சின்னப் படியை விழுங்கிவிடும்.

அடுத்தது உப்புக் கணக்கு. துளை வருவதற்காகப் பாலிமரோடு உப்புப் பரல்களைக் கலந்து, பிறகு நீரில் ஊறவைத்துக் கரைத்து வெளியேற்றுகிறோம். 90 சதவீதம் உப்பு போட்டேன், நுண்துளையும் 90 சதவீதம் என்று எழுதுகிறார்கள். அது எடைக் கணக்கு. உப்பின் அடர்த்தி 2.16, பாலிமருடையது 1.2 அளவில், பருமனில் பார்த்தால் 83தான் வரும். 70 சதவீத உப்பு என்றால் வெறும் 56. உப்புப் பரல்கள் ஒன்றையொன்று தொடவில்லையென்றால் வழி இருக்காது, தனித்தனி அறைகள்தான். நடுவில் மாட்டிய உப்பு எத்தனை நாள் ஊறினாலும் வெளியே வராது. மேல்பரப்பை மட்டும் எஸ்இஎம்மில் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படமெடுத்தால் இதெல்லாம் தெரியாது; திரவ நைட்ரஜனில் உறையவைத்து உடைத்து உள்ளே பாருங்கள். பிளேடால் அறுத்தால் துளைவாய் நசுங்கி மூடிக்கொள்ளும்.

உப்பு போய்விட்டதா என்று பார்க்க, கழுவிய நீரில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள். வெண்மையாகக் கலங்கினால் இன்னும் கழுவ வேண்டும். கழுவுவது காய்ச்சி வடித்த நீரிலாக இருக்கட்டும்; பிபிஎஸ் என்ற தாங்கல் கரைசலிலேயே குளோரைடு இருப்பதால் அது எப்போதும் கலங்கும்.

காய்ந்த சாரத்தை நேரே வளர்ப்பூடகத்தில் போட்டால் தக்கைபோல மிதக்கும், செல்கள் அடித்தட்டில் விழுந்துவிடும். முதலில் எத்தனாலில் நனைத்து, பிறகு பிபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். இந்த நனைப்பையே கிருமிநீக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். 70 சதவீத எத்தனால் பாக்டீரிய வித்துகளைக் கொல்லாது.

அதற்காக ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலன்) பக்கம் போய்விடாதீர்கள். நான் போயிருக்கிறேன். 121 டிகிரி, 15 நிமிடம். மூன்று வார வேலை, பெட்ரி தட்டின் அடியில் அணைந்த மெழுகுவத்திபோல ஒட்டிக் கிடந்தது.