டார்க் சன்: தண்ணீரை எண்ணி ஆடுவது எப்படி

டார்க் சன், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதையாடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்காக டிஎஸ்ஆர் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட கற்பனைக் களம். ஆதஸ் என்பது அதன் உலகத்தின் பெயர். மந்திரவாதிகள் செடிகொடிகளின் உயிரை உறிஞ்சியே பாலையாக்கிவிட்ட பூமி. கடவுள்கள் இல்லை, இரும்பு அரிது, நகரத்துக்கு ஒரு மந்திர அரசன். ஓவியர் ப்ரோம் வரைந்த படங்களைப் பார்த்து ஆசையாக ஆரம்பிக்கும் குழுக்கள் சில செஷன்களிலேயே (அமர்வுகளிலேயே) சலித்துப்போவதுண்டு. டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) வர்ணனையில் மணலைக் கொட்டுவார், ஆனால் ஆட்டக்காரரின் பாத்திரக் குறிப்புத்தாளான கேரக்டர் ஷீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரும் குறையாது. ஆதஸின் ருசி பற்றாக்குறையில் இருக்கிறது. அது விதியாக மேசைக்கு வரவேண்டும்.

கீழே உள்ள கணக்குகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்துப் போட்டவை.

முதலில் தண்ணீர். ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒரு கேலன், வெயிலில் இரண்டு. ஒரு தோல்பை அரை கேலன்தான் கொள்ளும். நிரம்பினால் 5 பவுண்டு. அதாவது பகலில் நடப்பவருக்கு ஒரு நாளைக்கு நான்கு பை, 20 பவுண்டு. ஸ்ட்ரெங்த் (உடல்வலு) 10 உள்ளவர் சுமக்கக்கூடியது 150 பவுண்டு. ஐந்து நாள் நடைக்குத் தண்ணீர் மட்டுமே 100 பவுண்டு போய்விடும். ஆயுதம், கவசம், சாப்பாடு எல்லாம் மீதி ஐம்பதுக்குள் அடங்கவேண்டும். இந்தக் கணக்கை முதல் செஷனில் ஆட்டக்காரர்களையே போடச் சொல்லுங்கள். ‘அப்போ கேங்க் வாங்கணும்’ என்று அவர்களே சொல்வார்கள். கேங்க் என்பது ஆதஸில் சவாரிக்கும் சுமைக்கும் பயன்படும் பெரிய பூச்சி. வாங்கப் பணம் வேண்டும், பணத்துக்கு வேலை வேண்டும். கதை தானாக நகரத் தொடங்கிவிடும்.

ஷீட்டில் பென்சிலால் எழுதி அழிக்க விட்டால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம், பைக்கு ஒரு புளியங்கொட்டை என்று வையுங்கள். இரவு முகாம் போட்டதும் நான்கு கொட்டையை நடுவில் போடவேண்டும். இரவில் நடந்து பகலில் நிழலில் படுத்தால் இரண்டு போதும். அதற்கும் விலை உண்டு: பெல்காய் என்னும் கொள்ளைக்காரர்கள் இருட்டில் மணியோசையால் ஆளை மயக்கி முகாமிலிருந்து இழுத்துச் செல்பவர்கள்.

பாதித் தண்ணீரே கிடைத்தால் டிசி 15 கான்ஸ்டிட்யூஷன் சேவ், அதாவது உடல் தாங்குகிறதா என்று பகடை உருட்டி 15-ஐ எட்டவேண்டும். தோற்றால் ஒரு எக்ஸாஸ்ஷன் (களைப்பு நிலை; ஆறானால் சாவு). பாதிக்கும் குறைந்தால் சேவ் கிடையாது, நேரே எக்ஸாஸ்ஷன்தான். ஏற்கெனவே எக்ஸாஸ்ஷன் இருந்தால் இரண்டு இரண்டாக ஏறும். ஆக, சொட்டுத் தண்ணீர் இல்லாதவருக்கு முதல் நாள் 1, அடுத்து 3, அடுத்து 5, நான்காம் நாள் சாவு. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரியாமல் செத்தால் கோபம்தான் மிஞ்சும்.

இத்தனையும் ஒரே மந்திரத்தில் கெட்டுப்போகும். ‘கிரியேட் ஆர் டெஸ்ட்ராய் வாட்டர்’ முதல் லெவல் ஸ்லாட்டில் (நாளுக்கு இத்தனை என்று அளந்து தரப்படும் மந்திர வாய்ப்பு) பத்து கேலன் தரும்; இருபது பை! அவுட்லேண்டர் (வனாந்தரத்தில் வளர்ந்தவர்) என்ற பின்னணி உள்ள கேரக்டர் தனக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் தினமும் உணவும் தண்ணீரும் தேடித்தரும். பழங்களை வரவழைக்கும் குட்பெர்ரி மந்திரமும் இதே ரகம். முழுக்கத் தடை போட்டால் முகம் சுளிப்பார்கள், அதனால் குறைத்துவிடுங்கள்: வாட்டர் மந்திரம் ஸ்லாட்டுக்கு ஒரு பை, குட்பெர்ரி பசியை ஆற்றும், தாகத்தை ஆற்றாது, அவுட்லேண்டருக்கு நீர் தேடும் சோதனையில் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) மட்டும். ஆதஸின் கிளெரிக்குகள் (பூசாரிகள்) காற்று, மண், நெருப்பு, நீர் ஆகிய பூதங்களை வணங்குபவர்கள். எனவே நீரை வணங்குபவருக்கு மட்டும் இரண்டு பை தரலாம். ஊர்கள் அவரைக் கொண்டாடும், கடத்தவும் பார்க்கும்.

இரும்புக்கு எளிய வழி இருக்கிறது. பழைய (1991) விதியில் உலோகமல்லாத பொருளுக்குப் புத்தக விலையில் நூற்றில் ஒரு பங்கு. புத்தகத்தில் ‘கோல்டு’ என்றிருப்பதை ‘செராமிக்’ (ஆதஸின் பீங்கான் காசு) என்று படியுங்கள், உலோகமானால் நூறால் பெருக்குங்கள். லாங்சோர்டு (நீள வாள்) எலும்பில் 15 செராமிக், இரும்பில் 1,500. தொடக்கத்தில் யாருக்கும் இரும்பு வேண்டாம்.

எலும்பிலும் அப்சிடியனிலும் (எரிமலைக் கண்ணாடி) செய்த ஆயுதங்கள் உடையவேண்டும். தாக்கும்போது இருபது பக்கப் பகடையில் 1 விழுந்தால் உடையும் என்று வைப்பதில் ஒரு கோளாறு: ஐந்தாம் லெவலில் ஒரே முறையில் இரண்டு தரம் வெட்டும் ஃபைட்டருக்கு (போர்வீரன்) இரண்டு மடங்கு உடையும். தேர்ந்த வீரனுக்கே தண்டனை! டார்க் சன்னின் 2010 பதிப்பின் வழி நல்லது: 1 விழுந்தால் குறி தவறியதாக ஏற்கலாம், அல்லது பகடையை மீண்டும் உருட்டலாம், உருட்டினால் ஆயுதம் போச்சு. முடிவு ஆட்டக்காரர் கையில்.

மந்திரத்தில்தான் பெரும்பாலான டிஎம்கள் சறுக்குகிறார்கள். நிலத்தைச் சாம்பலாக்கி மந்திரம் போடுபவர் டிஃபைலர், பொறுமையாக அளந்து எடுப்பவர் ப்ரிசர்வர். டிஃபைல் செய்தவுடன் காவலர்களை அனுப்பினால் யாரும் இரண்டாவது முறை செய்யமாட்டார்கள், சபலமும் செத்துவிடும். பழைய விதியில் டிஃபைலர் வேகமாக லெவல் ஏறுவார். ஆசை காட்டுவதே நோக்கம். இப்படிச் செய்துபாருங்கள்: டிஃபைல் செய்தால் சேதப் பகடை எல்லாவற்றையும் ஒருமுறை மறுபடி உருட்டலாம். ஸ்லாட் லெவலுக்குப் பத்து அடி வீதம் சுற்றியுள்ள செடிகள் சாம்பலாகும். அந்த வட்டத்தில் நிற்கும் கூட்டாளிகளுக்கு லெவலுக்கு 2 வீதம் சேதம். சாம்பல் வட்டத்தை வரைபடத்தில் குறித்து வையுங்கள். நகரங்களில் இந்த மந்திரமே குற்றம், பின்னால் வரும் டெம்ப்ளர் (மந்திர அரசனின் அதிகாரி) அந்த வட்டத்தைப் பார்ப்பார். ப்ரிசர்வர்களின் ரகசியக் கூட்டமான வெய்ல்டு அலையன்ஸும் பார்க்கும்.

எங்கே தொடங்குவது? டைர் நகரத்தில், கலக் அரசன் வீழ்ந்த கையோடு. இரும்புச் சுரங்கம் உள்ள ஊர், அடிமைகள் விடுதலையாகிவிட்டார்கள், அண்டை நகரமான ஊரிக்கின் அரசன் ஹமானு கண் வைத்திருக்கிறான். பின்வந்த 1995 பதிப்பு உலகத்தை அகலமாக்கிப் பல ரகசியங்களை அவிழ்த்துவிட்டது. முதல் ஆட்டத்துக்கு அது சுமை. அடிமைமுறை இந்த உலகத்தில் எங்கும் உண்டு. எது மேசைக்கு வரலாம், எது திரைக்குப் பின்னால் நிற்கவேண்டும் என்று தொடங்குமுன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கேரக்டர்கள் மூன்றாம் லெவலில் தொடங்கட்டும்; மூலவிதியும் அதுதான். அந்த விதியில் ஆளுக்கு நான்கு கேரக்டர் கொண்ட ‘மரம்’ உண்டு, ஒருவர் செத்தால் அடுத்தவர் வருவார். இரண்டு போதும். இரண்டாமவரை ஏதாவது ஒரு கிணற்றடியிலோ வணிகக் குடும்பத்தின் வண்டியிலோ இருத்தி வைத்தால், பாதிவழியில் சேர்ப்பதற்குக் கதையை வளைக்கவேண்டியதில்லை.